ஆர்க்காஃப்ளெக்ஸ்: ஆழ்கடல் ஸ்டீல் ரைசருக்கு எந்த அளவு நம்பலாம்

இங்கிலாந்தின் கம்ப்ரியா பகுதியில் அல்வர்ஸ்டன் என்ற சிற்றூரில் இயங்கும் ஆர்சினா நிறுவனத்தின் மென்பொருள் ஆர்க்காஃப்ளெக்ஸ். ரைசர் (கடல்தரையிலிருந்து எண்ணெயை மேலே கொண்டுவரும் குழாய்), மூரிங் லைன் (தளத்தை நங்கூரமிடும் வடம்), அம்பிலிக்கல் (மின்சாரமும் கட்டுப்பாட்டுத் திரவமும் போகும் கேபிள்) என்று கடலில் நீண்டு நெளிந்து கிடக்கும் எதையும் அலையிலும் நீரோட்டத்திலும் வைத்து அசைத்துப் பார்க்கிறது. இந்த மதிப்புரை அதன் ஒரு பயன்பாட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறது: மிதக்கும் தளத்திலிருந்து சங்கிலி போல வளைந்து தொங்கித் தரையைத் தொடும் ஸ்டீல் காட்டனரி ரைசரை வடிவமைப்பதும், கடலில் அளந்த தரவைக் கொண்டு அந்த வடிவமைப்பைச் சரிபார்ப்பதும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கணக்குப் போடும் திறனில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் 'இந்த ரைசர் எத்தனை ஆண்டு தாங்கும்' என்பதைத் தீர்மானிப்பவை கடல்தரை மண், ஃப்ளெக்ஸ் ஜாயின்ட் (குழாயின் மேல்முனையைத் திரும்ப விடும் ரப்பர் இணைப்பு), தளத்தின் அசைவு, வெல்டின் தரம் ஆகிய நான்கும்தான். நான்கையும் மென்பொருளுக்குச் சொல்லித் தருபவர் பொறியாளர். அதனால் இதை வாங்கும் குழு, அளக்கும் கருவிக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும். அளவீடு இல்லாமல் மாடலை மட்டும் வைத்துக்கொண்டு இருபது ஆண்டு ஓட்டுவது பாதி வேலைதான்.

ஸ்டீல் காட்டனரி ரைசர் முதன்முதலில் 1994-இல் மெக்சிகோ வளைகுடாவில், 872 மீட்டர் ஆழத்தில் நிற்கும் ஷெல் நிறுவனத்தின் ஆகர் தளத்தில் பொருத்தப்பட்டது. 1998-இல் பிரேசிலின் மார்லிம் வயலில் பெட்ரோபிராஸின் பி-18 செமியிலும் (பாதி மூழ்கி மிதக்கும் தளம்) வந்தது. ஆகர், தரையோடு இறுக்கிக் கட்டிய டென்ஷன் லெக் தளம் என்பதால் மேலும் கீழும் அசைவது மிகக் குறைவு. செமி அப்படி இல்லை. ரைசர் கணக்கு சிக்கலானது அங்கிருந்துதான்.

மாடலைத் திறப்பதற்கு முன் கையால் ஒரு கணக்கு

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். வெளிவிட்டம் 273 மில்லிமீட்டர், சுவர்த் தடிமன் 25.4 மில்லிமீட்டர், எக்ஸ்65 தர ஸ்டீல். கடலாழம் 1,500 மீட்டர், மேல்முனையில் செங்குத்திலிருந்து 12 டிகிரி சாய்வு. உள்ளே கனமீட்டருக்கு 800 கிலோ அடர்த்தியுள்ள எண்ணெய் இருந்தால் நீருக்குள் எடை மீட்டருக்கு ஏறத்தாழ 126 கிலோ, அதாவது 1.24 கிலோநியூட்டன்.

காட்டனரிச் சூத்திரம் எளிது. மேல்முனை இழுவிசை என்பது எடையை ஆழத்தால் பெருக்கி, ஒன்றிலிருந்து சைன் 12-ஐக் கழித்து வருவதால் வகுப்பது. விடை சுமார் 2,340 கிலோநியூட்டன். குழாய் தரையைத் தொடும் இடத்தில் வளைவின் ஆரம் 394 மீட்டர், தொங்கும் நீளம் 1,850 மீட்டர், மேல்முனையிலிருந்து தரைதொடும் புள்ளிக்குக் கிடைத்தூரம் 890 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்த ஆரத்தில் நிலையான வளைவழுத்தம் 72 மெகாபாஸ்கல்.

ஆர்க்காஃப்ளெக்ஸின் ஸ்டாட்டிக்ஸ் (அலையில்லாத அசையா நிலைக் கணக்கு) விடை இவற்றோடு ஓரிரு சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். போகவில்லை என்றால் தவறு பெரும்பாலும் உள்ளீட்டில்தான்: உள்ளிருக்கும் திரவத்தின் அடர்த்தியை விட்டிருப்பார்கள், அல்லது பூச்சின் எடையை இரண்டு முறை சேர்த்திருப்பார்கள். பத்து நிமிடக் கணக்கு, பத்து நாள் வேலையைக் காப்பாற்றும்.

இதே குழாயைக் காலியாக வைத்துப் பார்த்தால் புதியவர்கள் பதறும் ஓர் எண் வரும். தரைதொடும் இடத்தில் எஃபெக்டிவ் டென்ஷன் (உள், வெளி அழுத்தங்களின் விளைவையும் சேர்த்த இழுவிசை) 367 கிலோநியூட்டன். ஆனால் வால் டென்ஷன் (சுவரின் உலோகம் தாங்கும் விசை) கழித்தல் 516! 1,500 மீட்டரில் வெளியழுத்தம் 15 மெகாபாஸ்கல். அது குழாயின் மொத்தக் குறுக்குப் பரப்பில் தரும் 883 கிலோநியூட்டன் கழிவதால் அப்படி. குழாய் நெளியுமா என்பதைத் தீர்மானிப்பது எஃபெக்டிவ் டென்ஷன்தான். சுவரின் உலோகம் அமுக்கத்தில் இருந்தாலும் குழாய் இழுவையில்தான் நடந்துகொள்கிறது. மென்பொருள் இரண்டையும் தனித்தனியே, பெயர் தெளிவாகத் தருகிறது. ரிப்போர்ட்டில் எதை எடுத்து ஒட்டுகிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

மாடலில் இடறும் இடங்கள்

உள்ளே நடப்பது இதுதான்: குழாயைத் துண்டுகளாக வெட்டி, நிறையையும் எடையையும் துண்டுகளின் முனைகளான நோடுகளில் குவித்து, இடையே நீட்சிக்கும் வளைவுக்கும் ஸ்பிரிங் வைக்கிறார்கள். உறுதியான முறை. ஆனால் துண்டின் நீளம் நம் பொறுப்பு. நடுநீரில் 5 முதல் 10 மீட்டர் போதும். தரைதொடும் பகுதியில் ஃபெட்டீக் (திரும்பத் திரும்ப வளைவதால் உலோகம் களைத்து விரிசல் விடுவது) கணக்குக்கு 1 மீட்டர் அல்லது அதற்கும் குறைவு. மேல்முனையை ஒட்டி அரை மீட்டர். தரைதொடும் புள்ளி, தளம் முன்னும் பின்னும் நகரும்போது நூறு மீட்டருக்கு மேல் இடம் மாறும்; அந்த முழு நீளத்துக்கும் நெருக்கமான துண்டு வேண்டும். ஒரு மீட்டரை அரை மீட்டராக்கிப் பார்க்கும்போது ஃபெட்டீக் எண் மாறினால், அந்த மாடல் இன்னும் தயாராகவில்லை.

மேல்முனையின் திசைதான் அடுத்த பொறி. மென்பொருள் 'லைன்' என்று சொல்லும் குழாயின் ஏ முனையைத் தளத்தில் கட்டினால், முனையின் அச்சு லைனுக்குள் நோக்கி இருக்க வேண்டும். டெக்ளினேஷன் (அச்சின் சாய்வுக் கோணம்) மேல்நோக்கி இருந்தால் பூஜ்யம், கீழ்நோக்கி இருந்தால் 180. நம் ரைசருக்கு 168 கொடுக்க வேண்டும். 'குழாய் கீழே தொங்குகிறது' என்று 180 கொடுத்தால் என்ன ஆகும்? டிகிரிக்கு 20 கிலோநியூட்டன்-மீட்டர் விறைப்புள்ள ஃப்ளெக்ஸ் ஜாயின்ட், இல்லாத 12 டிகிரி திருப்பத்தை எதிர்த்து நிற்கும். குழாயில் 200 மெகாபாஸ்கலை ஒட்டிய பொய் அழுத்தம் ஏறும். எக்ஸ்65-இன் ஈல்டு (உலோகம் நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் அழுத்தம்) 448 என்பதால் மாடல் உடைந்து விழாது, எச்சரிக்கையும் வராது. மேல்முனையை ஒட்டிச் சுவர் தடித்துவரும் டேப்பர் ஜாயின்ட்டைத் தேவையில்லாமல் தடிமனாக்கிவிட்டுப் போவார்கள். தளம் சராசரி நிலையில் நிற்கும்போது மேல்முனை மொமென்ட் (வளைக்கும் திருப்புவிசை) பூஜ்யத்துக்கு அருகே வருகிறதா என்று பார்ப்பதே இதற்கான சோதனை.

ஃப்ளெக்ஸ் ஜாயின்ட்டின் விறைப்பு ஒரே எண் அல்ல. ரப்பர் அடுக்குகள் சிறு அசைவில் விறைப்பாகவும் பெரிய கோணத்தில் தளர்ந்தும் நடந்துகொள்ளும். புயலுக்குத் தளர்ந்த எண்ணும் அன்றாட அலைக்கு விறைத்த எண்ணும் பொருந்தும். மென்பொருளில் மொமென்ட்-கோண அட்டவணையாகக் கொடுக்க வழி இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் ஒற்றை எண்ணோடு ஃபெட்டீக் ஓட்டுவது தவறு. தினமும் வரும் சிறு அலைகள்தான் ஆயுளைத் தின்கின்றன.

தளத்தின் ஆர்.ஏ.ஓ. (ஒவ்வோர் அலைக்கும் தளம் எவ்வளவு அசையும் என்ற விகிதம்) அட்டவணையை வேறு மென்பொருளிலிருந்து கொண்டுவரும்போது ஃபேஸ் (அலையைவிட அசைவு முந்துகிறதா பிந்துகிறதா என்ற கோணம்) குறியீடு மாறிப்போவது இத்தொழிலில் பழைய நோய். லேக் (பிந்துதல்) என்பதை லீட் (முந்துதல்) என்று எடுத்துக்கொண்டால், ஹீவும் (மேலும் கீழும் அசைவு) பிட்ச்சும் (முன்பின் சாய்வு) சேரும் இடத்தில் மேல்முனை அசைவு தலைகீழாகும். ஆர்.ஏ.ஓ.-க்களைச் சோதிக்கும் வரைபட வசதி உள்ளே இருக்கிறது. மிக நீண்ட அலையில் ஹீவ் ஒன்றை நெருங்க வேண்டும், ஃபேஸ் பூஜ்யத்தை நெருங்க வேண்டும். தளம் தக்கை மாதிரி அலையோடு ஏறி இறங்கும் என்பதே இதன் பொருள். மூரிங்கும் டெண்டனும் (டென்ஷன் லெக் தளத்தைத் தரையோடு கட்டும் குழாய்) பிடிக்கும் அச்சுகளில் மட்டும் இது மாறும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: லைனில் டார்ஷன் (முறுக்கம்) இயல்பாக அணைந்தே இருக்கும். பெரும்பாலான காட்டனரி ரைசருக்கு அது சரி. தளம் தன் அச்சில் திரும்பும் அமைப்புகளுக்கு அதை நாமே இயக்கிவிட வேண்டும்.

புயலில் பார்க்க வேண்டியது அலையின் உயரம் அல்ல

தளம் கீழே இறங்கும் வேகம் எவ்வளவு என்பதுதான் ரைசருக்கு முக்கியம். கிடையாகக் கிடக்கும் குழாய் நீரில் தானாக விழும் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. நம் குழாய் காலியாக இருந்தால், டிராக் (நீர் தரும் எதிர்ப்பு) குணகம் 1.2 என்று வைத்தால், அந்த வேகம் நொடிக்கு 2.4 மீட்டர்; எண்ணெய் நிறைந்திருந்தால் 2.7. மேல்முனை திணிக்கும் இறக்கம் இந்த வேகத்தை எட்டும்போது குழாயால் பின்தொடர முடியாது. தரைதொடும் இடத்துக்குச் சற்று மேலே அமுக்கம் வந்து நெளியும். எரிவாயு ரைசர்கள் எண்ணெய் ரைசர்களைவிட முதலில் சிக்குவது இதனால்தான். ஸ்ட்ரேக் (நீர்ச்சுழலை உடைக்கக் குழாயைச் சுற்றி மாட்டும் திருகுத் துடுப்பு) மாட்டினால் டிராக் கூடி, அந்த எல்லை இன்னும் தாழ்ந்துவிடும்.

ஆர்க்காஃப்ளெக்ஸில் இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. தளத்தின் அசைவு ஆர்.ஏ.ஓ.-விலிருந்து மட்டும் வருவதாக இருந்தால், ரைசரை நீக்கிவிட்டு 3 மணி நேரப் புயலை ஓட்டலாம், கணநேரத்தில் முடிந்துவிடும். மேல்முனையின் கீழ்நோக்கு வேகம் உச்சம் தொடும் நொடியைக் கண்டுபிடித்து, அதைச் சுற்றி இரண்டு மூன்று நிமிடத்துக்கு மட்டும் முழு மாடலை ஓட்டலாம். ஆரம்பகட்ட வடிவமைப்புக்கு இது போதும். இறுதிக் கணக்குக்கு 10,800 நொடிகளையும், பல சீடுகளோடு (ஒரே புயலின் வெவ்வேறு தற்செயல் அலை வரிசைகள்) முழுதாக ஓட்டுவதே நேர்மை. இம்ப்ளிசிட் முறையில் இன்றைய கணினிகளுக்கு அது பெரிய சுமையும் அல்ல.

ஃப்ரீக்வென்ஸி டொமைன் வசதியும் (நொடி நொடியாக அல்லாமல் அலைவெண் வாரியாகக் கணக்கிடுவது) உண்டு. மேல்முனைக்கும் நடுநீருக்கும் பயன்படும். தரைதொடும் இடத்துக்குப் பரிந்துரைக்க மாட்டேன்: குழாய் தரையைத் தொட்டும் விட்டும் நகர்வதை நேர்கோடாக்கிய கணக்கு பிடிக்காது.

மண்ணும் வெல்டும்

கடல்தரையை ஒரு ஸ்பிரிங்காக வைக்கலாம், அல்லது மண் அமுங்கி, உறிஞ்சிப் பிடித்து, பிறகு விட்டுவிடும் நேரிலா மாடலாகவும் வைக்கலாம். இரண்டாவது இந்த மென்பொருளின் பெரிய பலம். ராண்டால்ஃப், குவிகின் ஆகியோர் 2009-இல் முன்வைத்த ஹிஸ்டெரெடிக் மாடல் அது. சேற்றுத்தரையின் ஷியர் வலிமையும் (மண் சறுக்காமல் தாங்கும் திறன்) அது ஆழத்தோடு கூடும் வீதமும் கொடுத்தால், குழாய் ஒவ்வொரு முறை தூக்கி விழும்போதும் விறைப்பு எப்படி மாறுகிறது என்று கணக்கிடும். ஆனால் அந்த வலிமை தரையின் முதல் ஒரு மீட்டருக்குள் வேண்டும். சக்ஷன் பைலுக்காக (மூரிங்கைப் பிடிக்கும் ஆழ நங்கூரம்) ஆழமாக எடுத்த மண் ரிப்போர்ட்டில் அந்த முதல் மீட்டர்தான் தெளிவில்லாமல் இருக்கும். அங்கே டி-பார் சோதனை (டி வடிவக் கம்பியை மண்ணில் அழுத்தி வலிமை அளப்பது) கேட்டு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் மென்மையான மண், விறைப்பான மண் என்று இரண்டு எல்லைகளையும் ஓட்டி ஆயுளை வரம்பாகச் சொல்ல வேண்டும். விறைப்பான தரை வளைவை ஒரே இடத்தில் குவிக்கும்; ஆயுள் குறையும்.

ரைசர் தன் அடியில் தானே அகழி வெட்டிக்கொள்வதை ஆர்.ஓ.வி. (நீருக்கடி ரோபோ) படங்கள் காட்டுகின்றன. நேரிலா மண் மாடல் குழாய் புதைவதைக் காட்டினாலும், நீரோட்டம் அரித்து ஆண்டுக்கணக்கில் வளரும் அகழியைத் தானாக வரைந்து தராது. அளந்த அகழியின் வடிவத்தைக் கடல்தரைப் பரப்பாக உள்ளே கொடுக்கலாம்.

ஃபெட்டீக் பகுதி விரிவானது. ரெயின்ஃப்ளோ எண்ணிக்கை (அழுத்தச் சுழற்சிகளை எண்ணும் முறை), குழாயின் சுற்றளவில் பல புள்ளிகள், எஸ்-என் வளைவு (எந்த அழுத்தத்தில் எத்தனை சுழற்சி தாங்கும் என்ற கோடு), தடிமன் திருத்தம் எல்லாம் உண்டு. தவறு வருவது எண்களைத் தேர்வதில்தான். டி.என்.வி. அமைப்பின் ஆர்.பி.-சி203 வழிகாட்டியில் உள்ள டி வளைவில் சிறு அழுத்தப் பகுதியின் சரிவு 5. அழுத்தப் பெருக்கக் குணகம் 1.2-க்குப் பதில் 1.3 என்று வைத்தால் சேதம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். இரண்டு குழாய் முனைகளின் விளிம்பு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக விலகினாலே குணகம் அப்படி மாறக்கூடும். 20 ஆண்டு ஆயுளுக்குப் பாதுகாப்புக் குணகம் 10 என்றால் கணக்கில் 200 ஆண்டு வர வேண்டும். குணகம் ஏறியதால் இழந்த ஆயுளின் பெரும்பகுதியை வெல்டுக்கு முன் குழாய் முனைகளை அளந்து ஜோடி சேர்ப்பதாலேயே மீட்டுவிடலாம்.

எடைக்கு முழுச் சுவரும், அழுத்தத்துக்கு அரித்த சுவரும் எடுக்கும் வகையில் ஸ்ட்ரெஸ் விட்டங்களைத் தனியே கொடுக்க இடம் உண்டு. சிறிய வசதிதான். இது இல்லாத கருவியில் வேலை செய்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

நீரோட்டச் சுழலால் வரும் அதிர்வுக்கு உள்ளேயே வேக் ஆசிலேட்டர் மாடல்கள் இருக்கின்றன. ஆனாலும் தொழிலில் ஷியர்7 என்ற மென்பொருள்தான் வழக்கம், எம்.ஐ.டி.-யில் பேராசிரியர் கிம் வாண்டிவரின் குழு உருவாக்கியது. ஆர்க்காஃப்ளெக்ஸ், குழாய் இயல்பாக அதிரும் மோட் வடிவங்களைக் கணக்கிட்டு ஷியர்7-க்கு நேரே அனுப்பிவிடுவதால் கைவேலை குறைகிறது. லூப் கரன்ட் (மெக்சிகோ வளைகுடாவின் வலுத்த நீரோட்டம்) நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வந்தால், நம் குழாயில் சுழல் உதிரும் அலைவெண் 0.73 ஹெர்ட்ஸ். ஸ்ட்ரேக் எந்த ஆழம் வரை வேண்டும் என்பதை இந்தக் கூட்டணி நன்றாகவே சொல்லும். கடற்பாசியும் சிப்பியும் ஏறினால் ஸ்ட்ரேக்கின் பலன் குறைவதை மட்டும் மறக்காமல் உள்ளீட்டில் சேர்க்க வேண்டும்.

கடலில் அளந்ததை மாடலுக்குள் கொண்டுவருதல்

இதில்தான் இந்த மென்பொருள் தன் விலைக்கு நியாயம் செய்கிறது. தளத்தில் பதிவான அசைவை டைம் ஹிஸ்டரியாகக் கொடுத்தால், அந்த நாளின் புயலை மறுபடி ஓட்டலாம். இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. அசைவு அளந்த கருவி தளத்தில் எங்கே இருக்கிறதோ, அந்தப் புள்ளிக்குரியதாகவே தரவைக் கொடுக்க வேண்டும். ஜி.பி.எஸ். தரும் மெதுவான நகர்வை பிரைமரி அசைவாகவும் அலை அசைவை சூப்பர்இம்போஸ்டு அசைவாகவும் பிரித்துக் கொடுத்தால், முதலாவதிலிருந்து அலைப்பகுதியை வடிகட்டி நீக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே அலை இரண்டு முறை எண்ணப்படும்.

ரைசரிலேயே பொருத்தும் கருவிகள் இரண்டு வகை. ஆர்.ஓ.வி. கொண்டு மாட்டி, சில மாதம் கழித்துக் கழற்றும் பேட்டரி மோஷன் லாகர் (அசைவைப் பதிவு செய்யும் பெட்டி). கேபிள் வழியே தளத்துக்கு நேரடியாகத் தரவு தரும் ஸ்ட்ரெயின் சென்சார் (உலோகத்தின் நீட்சியை அளப்பது). முதலாவது மலிவு, இடம் மாற்றலாம். ஆனால் அது அளப்பது முடுக்கம். நமக்கு வேண்டியது அழுத்தம். ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போக அதிர்வின் அலைநீளம் தெரிய வேண்டும். நம் குழாயில் 0.3 ஹெர்ட்ஸில் 0.05 மீட்டர்/நொடி² முடுக்கம் பதிவானால் வீச்சு 14 மில்லிமீட்டர். அலைநீளம் 60 மீட்டர் என்றால் அழுத்தம் 4.4 மெகாபாஸ்கல், 48 மீட்டர் என்றால் 6.8. சரிவு 5 உள்ள வளைவில் சேதம் ஒன்பது மடங்கு. இதனால்தான் லாகர்களைச் சம இடைவெளியில் அழகாக அடுக்கக் கூடாது. நெருக்கமாகச் சில, தள்ளிச் சில என்று வைத்தால்தான் மோட்கள் பிரியும். அந்த இடங்களைத் தேர்வதற்கும் மாடலின் மோட் வடிவங்களே வழிகாட்டி.

லாகரின் இன்னொரு கோளாறு, சாய்வையும் அது முடுக்கமாகவே காட்டுவது. ஒரு டிகிரி சாய்ந்தால் 0.17 மீட்டர்/நொடி² பொய்யாகச் சேரும். மேலே சொன்ன உண்மையான முடுக்கத்தைவிட மூன்று மடங்கு. மெதுவான அசைவில் இரண்டையும் பிரிக்க, கோண வேகம் அளக்கும் சென்சாரும் அதே பெட்டிக்குள் இருக்க வேண்டும். வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. கருவிகளின் கடிகாரங்கள் ஒன்றோடொன்று விலகுவது இரண்டாவது: ஆறு மாதத்தில் சில நொடி விலகினாலே, இரு கருவிகளின் ஃபேஸை ஒப்பிட முடியாமல் போகும்.

ஸ்ட்ரெயின் சென்சார் நேரடியானது. 1 மெகாபாஸ்கல் என்பது 5 மைக்ரோஸ்ட்ரெயினுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் கனெக்டரும் பசையும் ஆழத்தில் முதலில் கைவிடும். பூஜ்யப்புள்ளி நகர்ந்துவிடுவதால் நிலையான அழுத்தத்துக்கு அதை நம்ப முடியாது. ஏற்ற இறக்கத்துக்கு நம்பலாம். ஃபெட்டீக்குக்கு வேண்டியதும் ஏற்ற இறக்கம்தான்.

மெக்சிகோ வளைகுடாவில் 400 மீட்டருக்கு மேல் ஆழத்தில் நிற்கும் தளங்கள் நீரோட்டத்தை ஏ.டி.சி.பி. (ஒலியால் ஆழவாரியாக நீரோட்டத்தை அளக்கும் கருவி) கொண்டு அளக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. அந்தத் தரவை ஆழவாரியான நீரோட்டமாக உள்ளே கொடுத்து, லாகர் காட்டிய அலைவெண்ணோடு ஒப்பிட்டால், வடிவமைப்பில் எடுத்த டிராக் குணகமும் டாம்பிங்கும் (அதிர்வு தணியும் அளவு) எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பது தெரிந்துவிடும்.

யார் வாங்கலாம்

நடுவில் மிதவைகள் மாட்டி அலை போல வளைத்த லேசி வேவ் ரைசர் செய்பவர்களுக்குத் தயங்காமல் சொல்லலாம். 2009-இல் பிரேசிலின் பி.சி.-10 வயலில் தொடங்கி, 2016-இல் ஏறத்தாழ 2,900 மீட்டர் ஆழத்தில் மெக்சிகோ வளைகுடாவின் ஸ்டோன்ஸ் வயல் வரை வந்த வடிவம் அது. மிதவைத் துண்டுகள் உள்ள பகுதிக்குச் சமமான லைன் டைப்பை உருவாக்கித் தரும் விஸார்டு நேரத்தை மிச்சமாக்கும். மிதவை நீர் குடித்து மிதப்பு குறைவதையும், ஓரிரு துண்டு நழுவுவதையும் தனித்தனி கேஸாக ஓட்ட வேண்டும். காட்டனரி முறையில் ஸ்டாட்டிக்ஸ் ஒருங்காமல் அடம்பிடித்தால் ஸ்ப்ளைன் தொடக்க வடிவம் கொடுத்தால் பெரும்பாலும் வழிக்கு வரும்.

பைதான் இடைமுகம் நன்றாக இருக்கிறது. அலைப் பட்டியலில் நூற்றுக்கணக்கான கடல்நிலைகள், எட்டுத் திசைகள், மூன்று எண்ணெய் அடர்த்திகள் என்று கேஸ்கள் பெருகும்போது கைவேலைக்கு இடமே இல்லை. மாடலை டெக்ஸ்ட் கோப்பாகச் சேமிப்பதால், நேற்றைய மாடலுக்கும் இன்றையதற்கும் என்ன வித்தியாசம் என்று வரிக்கு வரி பார்க்கலாம். சரிபார்ப்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. கோட்பாடு முழுவதும் விளக்கிய ஆவணங்களும், காட்டனரி, லேசி வேவ் மாதிரிக் கோப்புகளும் இணையத்தில் இலவசம். மாணவர்கள் அங்கிருந்தே தொடங்கலாம்.

வெல்டின் விரிசல் வளர்ச்சி, லைனிங் செய்த குழாயின் உள்சுவர் சுருங்குவது, ஃப்ளெக்ஸ் ஜாயின்ட்டின் ரப்பர் அடுக்குக்குள் நடப்பது ஆகியவற்றுக்கு இது கருவி அல்ல. அவற்றுக்கு அபாகஸ் போன்ற மென்பொருள் ஒன்று தனியே வேண்டும். மேல்முனையின் இழுவிசையையும் கோணத்தையும் இங்கிருந்து எடுத்து அங்கே கொடுக்கலாம். எடுக்கும்போது உச்ச இழுவிசையையும் உச்சக் கோணத்தையும் வேறு வேறு நொடிகளிலிருந்து பொறுக்கிச் சேர்க்காமல், ஒரே நொடியின் ஜோடியாக எடுக்க வேண்டும்.